மூக்கு நுனியில் வாய்

“சாப்பிடுதா?”

“சூப்பரா சாப்பிடும் சார்.”

“கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்.”

“இப்பதான் சார் சாப்ட்டுச்சு. வயிறு ஃபுல்லா இருக்கு.”

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் இந்த உரையாடலை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கடை மாறும், ஆள் மாறுவார், வசனம் மாறாது. மீனும் அதேதான்: காப்பர்பேண்ட். வயிறு நிறைந்ததாகச் சொல்லப்படும் அந்த ஜீவன் கண்ணாடி மூலையில் ஒதுங்கி நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஓவியம், மேலிருந்து பார்த்தால் கத்தி. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக் குழி விழுந்திருக்கும். வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத வருத்தம் ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் இந்த மீனைப் பற்றியதாகத்தான் இருக்கும். நானும் முதல் இரண்டைப் பட்டினியில் இழந்தேன். தொட்டி முழுக்க உணவு மிதந்துகொண்டிருந்தபோது.

காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 130 வகைகள் இருக்கின்றன. இதைவிடப் பகட்டானவை உண்டு. இதன் அழகு கணக்கான அழகு. வெள்ளி மினுங்கும் வெள்ளை உடம்பில், தேய்த்து வைத்த செம்புக் குடத்தின் நிறத்தில் குறுக்குப் பட்டைகள். முதல் பட்டை கண்ணின் மேலேயே ஓடுவதால் உண்மையான கண் அதற்குள் ஒளிந்துகொள்கிறது. பதிலுக்கு, முதுகுத் துடுப்பின் பின்பக்கம் வெளிர்வளையம் சூழ்ந்த ஒரு கரும்பொட்டு. கடிக்க வருபவன் அதைக் கண் என்று நம்பி வால்பக்கம் பாய்வான், மீன் எதிர்த்திசையில் தப்பிவிடும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு அந்தப் பொட்டில் பெரிய ஈடுபாடில்லை. என்னை வசப்படுத்தியது முகம்.

நீண்டு கூர்ந்த அந்த முகத்தை எல்லோரும் மூக்கு என்கிறோம். மூக்கே அல்ல, முன்னுக்கு இழுத்து நீட்டப்பட்ட தாடை. அதன் நுனியில் எள்ளுக்கும் அரிசிக்கும் நடுவே ஏதோ ஓர் அளவில் ஒரு வாய். வாய்க்குள் தூரிகை மயிர் போல நெருக்கமான பற்கள். இந்தக் குடும்பத்துக்குக் கிரேக்கத்திலிருந்து வைத்த பெயரின் பொருளே ‘மயிர்ப்பல்’ என்பதுதான்.

இந்த வாயை மனிதர்கள் ஆரம்பத்திலிருந்தே தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 1764-இல் ஷ்லோசர் என்ற டச்சுக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பத்தாவியாவிலிருந்து வந்த ஒரு மீனைப் பற்றி எழுதினார். பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. அங்கே மருத்துவமனைத் தலைவராக இருந்த ஹோமெல் ஒரு மீனைத் தொட்டியில் விட்டு, குச்சியில் ஈயைக் குத்தி வைத்து, மீன் தண்ணீரைத் துளியாகச் சுட்டு ஈயை வீழ்த்துவதை நேரில் பார்த்திருந்தார். பார்த்ததெல்லாம் உண்மை. ஆனால் மாதிரிக்கென்று ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது சுடுகிற மீன் அல்ல, நம் காப்பர்பேண்ட்! குழாய் போன்ற முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. துப்பாக்கி வேறெப்படி இருக்கும்? இரண்டு ஆண்டு கழித்து உண்மையான வில்லாளி மீனும் அந்த இதழில் விவரிக்கப்பட்டது. ஆனாலும் செய்யாத வேலைக்கான புகழ் காப்பர்பேண்டை விட்டு வெகுகாலம் போகவில்லை.

அந்த முகம் எதையும் எறிவதற்கானது அல்ல, துழாவுவதற்கானது. அந்தமான் கடலில் தொடங்கி ஜப்பானின் தென்தீவுகள், ஆஸ்திரேலியா வரை, கரையோரப் பாறைகளில் தனியாகவோ ஜோடியாகவோ திரியும் மீன் இது. பகல் முழுக்க இடுக்கு இடுக்காக எட்டிப் பார்த்துப் புழுக்களையும் பொடி இறால்களையும் உருவித் தின்னும். உணவு என்றால் அதற்கு ஒளிந்திருக்கும் ஒன்று. மேலிருந்து தூவி விழுவதெல்லாம் அதன் கணக்கில் சோறு அல்ல, தூசி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மீன்களின் உயிர் தேவைப்பட்டது. வாயில் வைக்காது, முகம் திருப்பும், அடம் பிடிக்கும் என்று ஊரே சொல்கிறது. அடம் இல்லை, தொழில் சுத்தம். தேடி எடுக்கத் தெரிந்தவன், கையில் திணித்தால் வாங்கமாட்டான்.

ஆகவே வீடு என்பது இந்த மீனுக்கு முதலில் பாறை. தொட்டி நான்கடிக்குக் குறையக் கூடாது, 400 லிட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. வளர்ந்தால் 20 சென்டிமீட்டர் வரை போகிற மீன். ஆனால் லிட்டர் கணக்கைவிட வயதுதான் முக்கியம். நேற்று நிரப்பிய தொட்டியில் பாறை வெறும் கல். ஆறு மாதம், ஒரு வருடம் ஆனபின் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பொந்திலும் ஏதோ ஒன்று அசையும். மயிரிழைப் புழுக்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளும் பொடிசுகள். அந்த நிலையில்தான் பாறை சமையலறை ஆகிறது. நாம் போடுவதைத் தொட மறுக்கும் முதல் வாரங்களில் மீனைத் தாங்குவது அந்தக் கையிருப்புதான்.

மற்றவை எல்லாம் எந்தக் கடல் தொட்டிக்கும் பொது. அடர்த்தி 1.025, வெப்பம் 25, 26 டிகிரி. சித்திரை வெயிலில் சென்னைக் கூடத்தில் தண்ணீர் தானாக 32-க்கு ஏறும் என்பதால் சில்லர் இல்லாமல் முடியாது. அதன் விலையில் பல காப்பர்பேண்ட் வாங்கலாம். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றவேண்டும், உப்புத்தண்ணீர் அல்ல. போவது தண்ணீர் மட்டும்தானே. கரண்ட் போனால் ஃபேனுக்கு முன்னால் பம்புக்கு இன்வர்ட்டர். “மனுஷாளுக்கு ஏசி இல்ல, மீனுக்கு ஏசி” என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

கூட யாரை விடுவது என்பதில் ஒரே விதி: அவசரக்காரர்கள் வேண்டாம். டேங் மீன்கள் போன்றவை பந்தியில் முதல் வரிசைக்கு முண்டியடிக்கும் கூட்டம். இது இலையைப் பார்த்து, யோசித்து, திரும்ப ஒருமுறை பார்த்து உட்காருகிற ஆள். முதலில் இதை விட்டு, இது தேறிய பிறகு மற்றவர்களை விடுவதே முறை. தன் இனத்தையே இன்னொன்று சேர்த்தால் சேர்ந்தே பழகிய ஜோடியாக இல்லாதவரை சண்டைதான்.

வாங்கும் கலையும் தனி. மேலிருந்து பாருங்கள், முதுகு புடைத்திருக்க வேண்டும். முகத்தின் நுனி வெளுத்தோ சிராய்த்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். வலையில் மாட்டியோ கண்ணாடியில் முட்டியோ காயப்பட்டது, தின்ன மனமிருந்தாலும் முடியாது. சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவியது. இரண்டு நாட்டிலும் சட்ட விரோதம். கடைத் தொட்டியில் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாரமாவது கடையிலேயே விட்டுவைத்துப் போய்ப் போய்ப் பார்ப்பதுதான் வழி. கடைக்காரர் சலித்துக்கொள்வார். கொள்ளட்டும். இன்னொன்று, வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பார்களே, அது இதன் பசியைக் கெடுத்துவிடும். பெயரில் செம்பு, உடம்புக்குச் செம்பு ஆகாது.

பலர் இதை மீன் என்றே வாங்குவதில்லை, வேலையாள் என்று வாங்குகிறார்கள். பாறையோடு ஒட்டிவந்து தொட்டி முழுக்கப் பரவும் அய்ப்டேசியா என்ற கண்ணாடி நிறக் கடற்சாமந்தி ஒன்று உண்டு. பிய்த்தால் துணுக்குத் துணுக்காகத் திரும்ப முளைக்கும் களை அது. காப்பர்பேண்ட் அதைத் தின்னும் என்று கேள்விப்பட்டு, களை எடுக்க ஆள் பிடிப்பது போல ஒன்றைப் பிடித்துவந்து விடுகிறார்கள். சில மீன்கள் தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. தின்பது தின்று முடித்ததும் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. களை ஒழிந்ததென்று தொட்டிக்காரர் மகிழ்ந்த மாதமே மீன் மெலியத் தொடங்கும். எனக்கு இதில் கோபம் உண்டு. என் வீட்டில் நடந்ததோ நேர்மாறு. அய்ப்டேசியாவை விட்டுவிட்டு, நான் ஆசையாக வளர்த்த விசிறிப் புழுக்களை ஒரே வாரத்தில் காலி செய்தது. களை மேய அவிழ்த்துவிட்ட ஆடு குரோட்டன்ஸைக் கடித்த கதை.

இதைவிட எளிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான்: ஹவாய்க் கடலிலும் காணப்படும் மஞ்சள் நிற நீள்முக மீன். ஹவாய் மொழியில் அதன் பெயர் லௌவிலிவிலிநுகுநுகுஓய்ஓய். பிரித்துச் சொன்னால் ‘விலிவிலி இலை போன்ற, கூரிய அலகு கொண்ட மீன்’. விலிவிலி நம் கல்யாண முருங்கையின் சொந்த மரம். அந்த இலையைக் காம்போடு கிள்ளிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், பெயர் வைத்தவரின் கண்ணுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். மறுகோடியில், பவளத்தை மட்டுமே கொத்தித் தின்னும் வகைகளும் இந்தக் குடும்பத்தில் உண்டு. அவற்றை வீட்டில் வைப்பது ரசனை ஆகாது. காப்பர்பேண்ட் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. முடியாததல்ல, ஆனால் நம்மைச் சோதித்துப் பார்க்கும்.

மூன்றாவது மீனுக்கு நான் தூவுவதை நிறுத்தினேன். முதல் மூன்று நாள் விளக்கைக் குறைத்து, ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டேன். பிறகு உயிருள்ள ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில்கூடத் தானாக வாழும் சிவந்த பொடி ஜீவன் இது. நீந்திப் போவதால் மீனின் தலை திரும்பியது. ஒன்றிரண்டை இழுத்தது. ஆனால் அது கொறிக்கிற தீனி, உடம்பில் ஒட்டாது. அதனால் மட்டிக்குப் போனேன். பழவேற்காட்டுப் பக்கத்து மட்டியை வாங்கி, ஒட்டுண்ணி எதுவும் தொட்டிக்குள் வராதிருக்க இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்து, பனி விட்டபின் ஓட்டைப் பிளந்து, ஒரு பாதியைச் சதையோடு பாறைப் பொந்தில் சாய்த்துச் செருகினேன். முக்கியம் அந்தச் சாய்வு. வெட்டவெளியில் மல்லாக்க வைத்த மட்டியை அது நம்பவில்லை. பாதி தெரிந்து பாதி மறைந்திருந்ததைத்தான் நம்பியது.

அது வந்த விதத்தைச் சொல்லவேண்டும். நேராக வரவில்லை. ஓர் அடி தள்ளி நின்று, உடம்பைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பின்வாங்கியது. மறுபக்கம் சுற்றி வந்து மற்றக் கண்ணால் பார்த்தது. பழைய கைக்கடிகாரக் கடையில் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பெரியவர் ஒருவர் இடுக்கியை இறக்குவாரே, அந்த நிதானம். துடுப்புகள் மட்டும் சிலும்ப, உடம்பு ஓரிடத்தில் ஆணியடித்தது போல நிற்க, முகம் மட்டும் மெல்ல உள்ளே இறங்கியது. ஒரு கொத்து. தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது. முகத்தின் நுனியில் மட்டியின் ஒரு நார். அதைத் துப்பியது. திரும்ப எடுத்தது. விழுங்கியது. ஒன்பதாம் நாள் காலை, எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நடந்தது மெதுவான ஏமாற்று வேலை. மட்டி தின்று தீர்த்த வெறும் ஓட்டில் உறைந்த மைசிஸ் இறாலைப் பிசைந்து அப்பினேன். ஓடு பழகிய தட்டு என்பதால் சந்தேகப்படவில்லை. அடுத்து, ஓடு இல்லாமல் பிப்பெட்டால் அதே பொந்துக்குள் மைசிஸைச் செலுத்தினேன். அடுத்து பொந்தின் வாசலில். அடுத்து வாசலுக்கு ஒரு சாண் வெளியே. இப்படி இரண்டு மாதம். ஒரு நாளைக்கு மூன்று வேளையாவது, வேளைக்குக் கொஞ்சமாக. இவ்வளவு சின்ன வாய்க்கு ஒரே வேளையில் நிறைய போட்டுப் பயனில்லை, மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். ஒரு மணி நேரத்தில் ஓட்டை எடுத்துவிடுவேன். மேலிருந்து பார்த்தபோது முதுகின் குழி தூர்ந்து, கத்தி மெல்ல மெல்ல மீனாகியிருந்தது.

இப்போது அது என்னைத் தெரிந்துவைத்திருக்கிறது. என்னை என்றால் பிப்பெட்டை. நீலக் குமிழைக் கண்டதும் தொட்டியின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடிவந்து, மேல்மட்டத்துக்கே ஏறி, மற்ற மீன்களோடு முண்டி, விழுவதைப் பாய்ந்து பிடிக்கிறது. சில நாள் மாத்திரைத் தீனியைக்கூட விடுவதில்லை. பார்க்க வரும் நண்பர்கள் வியக்கிறார்கள். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் காட்சி எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. ஒற்றைக் கண் பார்வை இல்லை, பின்வாங்கல் இல்லை, நிதானம் இல்லை. கோழிக்குஞ்சுக்குத் தவிடு போட்ட மாதிரி இருக்கிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலைத் தீனி கிடையாது. பத்து மணி வாக்கில் மட்டியைப் பிளந்து, சாய்த்து, பாறையின் பின்பக்கப் பொந்தில், எனக்கே எட்டாத இடத்தில் நீள இடுக்கியால் செருகிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.