'குதிரை' என்னும் சொல்லின் பிறப்பு: ஒரு மதிப்பீடு

விலங்குப் பெயர்களின் மூலம் காண்பது எளிதன்று. ரஷ்ய மொழியில் குதிரையைக் குறிக்கும் 'லோஷத்' துருக்கிய மொழிக் குடும்பத்திலிருந்து வந்த கடன் சொல் என்பர். அதே விலங்கின் பழஞ்சொல்லாகிய 'கோன்' இன்றும் விவாதத்திற்குரியது. தமிழின் 'குதிரை'யும் அத்தகையதே. மலையாளக் 'குதிர', பெங்களூரில் அன்றாடம் வழங்கும் கன்னடக் 'குதுரெ', துளுக் 'குதுரெ' ஆகியன இதனோடு இனமானவை. இச்சொல்லின் மூலம் குறித்து மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன.

முதலாவது, 'குதி' என்னும் வினையடியிலிருந்து பிறந்தது என்பது. பொருள் பொருந்துகிறது, ஆயின் '-ரை' என்னும் இறுதி விளக்கம் பெறவில்லை. வினையடியோடு இவ்விறுதி சேர்ந்து விலங்குப் பெயராகும் இணைச்சொற்களைக் காட்டாதவரை இது ஒலியொப்புமையில் எழுந்த கருத்தாகவே நிற்கும்.

இரண்டாவது, மக்கால்பின் (1981) கூறும் எலாமியத் தொடர்பு. எலாமியத்தில் 'குதி' என்பது சுமத்தலைக் குறிக்கும். எனவே குதிரை 'சுமப்பது' ஆகும் என்பது அவர் கொள்கை. எலாமிய-திராவிட உறவையே அறிஞர் பலர் ஏற்கவில்லை. மேலும், சொல் பொதுமூலத்தினது எனின் பிராகுயியிலும் எதிர்பார்க்கப்படும். அங்கு வழங்குவதோ 'ஹுல்லி'. பர்ரோ, எமனோ தம் அகராதியில் (1984) இதனைச் சங்க இலக்கியத்து 'இவுளி'யோடு இணைத்துள்ளனர்.

மூன்றாவது, வடமொழி 'கோடக'த்தோடு ஒப்பிடுவது. இச்சொல் 'அச்வ' போல இந்தோ-ஐரோப்பிய மரபில் தெளிவான வேர் உடையதன்று. ஆயின் அதன் இடையொலி நாவளை ஒலி, 'குதிரை'யிலுள்ளது பல்லொலி. இவ்வேறுபாட்டுக்கு முறையான ஒலிவிதி வேண்டும்.

தெற்கே 'இவுளி'யும் வடமேற்கே 'ஹுல்லி'யும் எஞ்சி நிற்பதால், அவ்விணை பழைய படிவம் எனவும் 'குதிரை' பின்னர்ப் பரவியது எனவும் கொள்ள இடமுண்டு. பின்னர்ப் பரவியது என்பதனால் மட்டும் கடன் சொல் என்று துணிதல் ஆகாது. கடன் கொடுத்த மொழியின் வடிவமும் காட்டப்படல் வேண்டும்.

குதிரை எவருடையது என்னும் வரலாற்று வாதங்களில் இச்சொல் சான்றாக நிறுத்தப்படுவதால் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது. மூலம் துணியப்படாத ஒரு சொல் எக்கட்சிக்கும் சான்றாகாது. சங்கப் பாடல்களைக் கன்னடத்தில் பெயர்ப்போர்க்கும் இது பொருந்தும்: 'குதுரெ' என்பதில் 'தாவுவது' என்னும் பொருள் உறைந்திருப்பதாகக் கொண்டு உரை விரித்தல் கூடாது. அகராதியில் 'மூலம் ஐயத்திற்குரியது' என்று குறிப்பதே நேர்மையான பதிவாகும்.