அடிமையின் கழுத்தும் சட்ட வகுப்பும்

ஐரோப்பாவில் சட்டம் படிக்கப் போகிற மாணவர்களில் பலருக்கு முதல் ஆண்டிலேயே ரோமானியச் சட்டம் ஒரு பாடம். எதற்கு இது என்று கேட்டால், இன்றைய குடியியல் சட்டத்துக்கு அதுதான் அடித்தளம் என்பார்கள். பொய்யில்லை. கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டீனியன் பழைய சட்ட அறிஞர்களின் எழுத்துகளை 50 நூல்கள் கொண்ட 'டைஜஸ்ட்' ஆகத் தொகுத்து வெளியிட்டார். தொகுப்புப் பணிக்குத் தலைமை தாங்கியவர் திரிபோனியன். நூற்றாண்டுகள் கழித்துப் பொலோனாவில் அது மறுபடி பாடமாயிற்று. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டத் தொகுப்பும் 1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் தொகுப்பும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் அடித்தளம் ஒன்று என்றால் மேலே எழுந்தவை ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? ரோமில் விலை பேசி முடித்ததாலேயே பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்படைப்பு போன்ற தனிச் செயல் ஒன்று வேண்டும். பிரெஞ்சுத் தொகுப்பில் பொருளும் விலையும் ஒத்துக்கொள்ளப்பட்ட கணமே உடைமை கைமாறிவிடும். ஜெர்மன் தொகுப்போ விற்பனையையும் உடைமை மாற்றத்தையும் இரண்டு தனிச் செயல்களாகப் பிரித்து, முன்னது செல்லாமல் போனாலும் பின்னது நிற்கும் என்கிறது. இந்தப் பிரிப்புக்கு வழிவகுத்தவர் 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சட்ட அறிஞர் சவின்யி. அவர் சான்று தேடியதும் டைஜஸ்டில்தான். வேடிக்கை என்னவென்றால், ஒருவர் நன்கொடை என்று கொடுக்கிறார், மற்றவர் கடன் என்று வாங்குகிறார், பணம் யாருடையது என்ற கேள்விக்கு அதே நூலில் ரோமானியச் சட்ட அறிஞர்களான யூலியன் ஒரு பதிலும் உல்பியன் அதற்கு நேர் எதிரான பதிலும் சொல்கிறார்கள். அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் சுரங்கமாகத்தான் டைஜஸ்ட் இருந்திருக்கிறது. 'அடித்தளம்' என்று சொல்லித் தொடங்கும் பாடநூல்கள் இந்தப் பூசலை மறைத்து, இலக்கணம் போல வரையறைகளையும் லத்தீன் வாசகங்களையும் மனப்பாடம் செய்ய வைக்கின்றன. தேர்வு முடிந்ததும் அவை மறந்துபோவதில் ஆச்சரியமில்லை.

படிக்க வேண்டியது வேறொன்று. டைஜஸ்டின் ஒன்பதாம் நூலில் ஒரு வழக்கு வருகிறது. சிலர் பந்து விளையாடுகிறார்கள். ஒருவர் ஓங்கி அடித்த பந்து, சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையில் போய் விழ, கத்தி அவரிடம் சவரத்துக்கு அமர்ந்திருந்த அடிமை ஒருவனின் கழுத்தை அறுத்துவிடுகிறது. குற்றம் யாருடையது? சவரத் தொழிலாளியுடையது என்கிறார் சட்ட அறிஞர் புரோகுலஸ். வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்திலோ நடமாட்டம் மிகுந்த இடத்திலோ கடை போட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல இடமுண்டு என்று உல்பியன் சேர்த்துக்கொள்கிறார். கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டிருப்பவரிடம் போய்த் தலையைக் கொடுத்தவர் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதுதான் என்பதும் தவறில்லையாம். சில வரிகளுக்குள் கவனக்குறைவு, காரணத் தொடர்பு, பாதிக்கப்பட்டவரின் பங்கு என மூன்றும் வந்துவிடுகின்றன. கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்லாமல், நிகழ்ச்சியைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்திப் பார்த்து முடிவுக்கு வருகிற இந்தப் பயிற்சியை வேறெந்தப் பாடமும் இவ்வளவு சுருக்கமாகத் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

இதே வழக்கில்தான் பாடத்தின் பெரிய குறையும் இருக்கிறது. செத்தவன் அடிமை. வழக்குக்கு ஆதாரமான அக்விலியச் சட்டம் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முதல் பிரிவு அடிமையையும் மந்தையில் மேயும் நாலுகால் பிராணியையும் ஒரே வரியில் வைக்கிறது. கொன்றவர், முந்தைய ஓராண்டில் அவற்றுக்கு இருந்த உச்ச விலையை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். வகுப்பறையில் அடிமை 'வாடிக்கையாளர்' ஆகிவிடும்போது இந்தக் கணக்கு காணாமல் போகிறது. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை இல்லை என்று இன்னொரு ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதியதை மனித மாண்புக்குச் சான்றாக மேற்கோள் காட்டுகிறார்கள். விலை இல்லை என்பதால் தழும்புக்கு ஈடும் இல்லை என்பது அதன் மறுபக்கம்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட இலங்கையில் முடியாது. டச்சுக்காரர்கள் கொண்டுவந்த ரோமன்-டச்சுச் சட்டத்தை 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வழியே ஆங்கிலேயர் தொடரவிட்டார்கள். அக்விலிய வழக்கு அங்கே இன்றும் நீதிமன்றம் ஏறுகிறது. அதன் அளவுகோல் பொருள் இழப்பு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு குழந்தையின் மரணம் பற்றிய மருத்துவக் கவனக்குறைவு வழக்கில், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்ததற்கு இந்த முறையில் ஈடு கிடையாது என்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூறியது. அதற்கு வழிசெய்யும் சட்டம் 2019இல்தான் வந்தது.

அந்தத் தீர்ப்பைப் படிக்கிற மாணவர், சந்தையில் அடிமைக்கு விலை வைத்த காலத்தில் பிறந்த அளவுகோல் இது என்று தெரிந்து படித்தால், 'பொருள் இழப்பு' என்பதை இயல்பான விதியாக எடுத்துக்கொள்ள மாட்டார். தெரியாமல் படித்தால் லத்தீன் பெயரின் கம்பீரம் மட்டும் மிஞ்சும். பாடத்திட்டத்தில் வாரங்களைக் குறைக்க வேண்டும் என்றால் ஒப்பந்த வகைகளின் பட்டியலையும் வழக்குமுறை வரலாற்றையும் தாராளமாகக் குறைக்கலாம். ஒன்பதாம் நூலின் வழக்குகளை மட்டும், அடிமையை அடிமையாகவே விட்டு, மொழிபெயர்ப்பிலாவது முழுதாக வாசிக்க வைக்க வேண்டும்.