மறைக்கும் படமும் காட்டும் படமும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளியூடாகக் குச்சவெளி நோக்கிச் செல்லும் வீதியில், களப்பு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது இறக்கக்கண்டி. 2009 இல் முடிவுற்ற போர் இக்கரையோரத்திலும் அவயவமிழந்தோரை விட்டுச் சென்றது. அவர்களுள் ஒருவர் சலங்கை கட்டி மேடையேறுவாராயின், அவையோர் காண்பது ஆட்டத்தையா, இழந்த காலையா? கலைத்திறனாய்வு எதிர்கொள்ள வேண்டிய வினா இது. இரு வேறு காலத்துப் படங்கள் இதற்கு இரு வேறு விடைகளைத் தந்துள்ளன.

முதலாவது, யப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படம். ஆடலும் பாடலும் நடிப்பும் ஒன்றிணைந்த கபுகி அரங்கிலே பெண்வேடமேற்றுப் புகழீட்டியவர் மூன்றாம் சவமுரா தனொசுகே (1845–1878). தசையழுகல் நோயுற்ற அவரது காலை, 1867 இல் யோகோகாமாவிலே அமெரிக்க மருத்துவர் ஹெப்பேர்ன் துண்டித்தார். செயற்கைக் காலுடன் அவர் மீண்டும் மேடையேறினார். குனிச்சிக்கா முதலிய ஓவியர்கள் அவரை வண்ண அச்சுப்படங்களில் வரைந்துள்ளனர். நடிகரை அவர் ஏற்ற பாத்திரமாகவே காட்டுவது இத்தகைய படங்களின் மரபு. முகபாவமும் கைந்நிலையும் ஆடையின் பூவேலையுமே அங்கு முதன்மை பெறுவன. பெண்வேடத்தின் நீளாடையோ பாதத்தை மூடி நிலத்தில் விரியும். ஆதலின் இழப்பைக் காட்டவேண்டிய தேவையே எழுவதில்லை. இது மறைப்புத்தான். எனினும், கலைஞரை இரக்கத்துக்குரியவராகச் சிறுமைப்படுத்தாத மறைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது.

பரதத்துக்கு இவ்வாய்ப்பு இல்லை. வெறும் பாதம் நிலத்திற் தட்டி எழுப்பும் ஒலியே தட்டடவின் உயிர். அரைமண்டியோ முழங்காலின் மடிப்பையும் விரிவையும் வேண்டுவது. 1981 இல் திருச்சிராப்பள்ளியருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக வலக்காலின் கீழ்ப்பகுதியை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலுடன் பயின்று 1984 இல் பம்பாயில் மீண்டும் ஆடினார். காலணியின்றி நடக்கவும், குந்தவும், சம்மணமிடவும் ஏற்றவாறு றப்பரினால் அமைந்த அப்பாதம், மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இணைந்து உருவாக்கியது. இவ்வாழ்க்கையைத் தழுவி, அவரையே நாயகியாகக் கொண்டு சிங்கீதம் சீனிவாசராவ் 1985 இல் இயக்கிய தெலுங்குப்படம் ‘மயூரி’. அது தமிழிலும் மொழிமாற்றம் பெற்றது.

ஆடியவரின் உடலே திரையிலும் ஆடுவது இப்படத்தின் பெரும்பலம். யப்பானிய அச்சுப்படம் மறைத்துவிடக்கூடியதை இது துணிந்து காட்டுகிறது. ஆயின், காட்டும் முறையிலேயே ஒரு குறையும் உண்டு. காதலனின் கைவிடல், தனிமை, இறுதி வெற்றி என அமையும் கதைப்போக்கு, ஆட்டத்தைத் துன்பத்துக்குக் கிடைத்த பதிலாக மாற்றிவிடுகிறது. அடவு சுத்தமா, தாளம் பிசகாததா, பாவம் அடவோடு இசைந்ததா என வினவுவதற்கு முன்னரே பார்வையாளர் வியந்து விடுகின்றனர். வியப்பு மேலோங்குமிடத்தில் மதிப்பீடு ஒதுங்கிவிடுகிறது. சாதாரணத் திறமையுள்ள நர்த்தகி ஒருவருக்கு மேடையில் இடமுண்டு. காலிழந்தவரோ அற்புதம் நிகழ்த்தினாலன்றி இடம்பெற முடியாது என்ற கருத்தையும் அப்படம் தன்னையறியாமலே விதைக்கிறது.

மரச்செதுக்குப் படம் காலை மறைத்துக் கலையைக் காத்தது. திரைப்படம் காலைக் காட்டிக் கலையைச் சான்றுப்பொருளாக்கிற்று. காலைக் காலாகவும் ஆட்டத்தை ஆட்டமாகவும் காணும் மூன்றாவது பார்வை ஒன்று வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1987 இலேயே ஜெய்ப்பூர் நிலையம் தோன்றிவிட்டது. ஈழத்தவருக்குக் கால் அமைத்துக் கொடுக்கும் தொழில்நுட்பம் புதியதன்று. புதிதாக உருவாக வேண்டியது அவையோரின் கண்ணே. இறக்கக்கண்டியின் மேடையொன்றில் அத்தகைய ஒருவர் ஆடி, தாளம் தவறுமிடத்தில் தவறென்றும் நன்றாக ஆடுமிடத்தில் நன்றென்றும் சொல்லப்படும் நாளிலேதான் அவர் முழுமையாக நர்த்தகராக ஏற்கப்பட்டவராவார். கைதட்டல் இரக்கத்தாலும் எழலாம். நேரிய குறைகூறல் மதிப்பினாலன்றி எழுவதில்லை.