பொறுத்தல் எதுவரை?

ஜெர்மனியின் முன்னாள் அமைச்சர் ரெனாத்தே கூனாஸ்ட், முகநூலில் தம்மை இழித்துரைத்தோர் இன்னாரென அறிய வழக்காடினார். அரசியலார் மிகுதியும் பொறுத்தல் வேண்டுமெனக் கூறி, 22 வசைகளும் கருத்துரிமைக்குள் அடங்குமெனப் பெர்லின் மாநில நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இதனை நாம் ஏற்பதற்கில்லை. செயலைக் கண்டித்தல் வேறு. ஆளை இழிவுபடுத்தல் வேறு. முன்னது ஆட்சியைத் திருத்தும். பின்னது எவரையும் திருத்தாது.

மாண்பையும் கருத்துரிமையையும் சீர்தூக்கிப் பார்க்கக் கீழ்நீதிமன்றங்கள் தவறினவென 2021இல் அரசமைப்பு நீதிமன்றம் கண்டித்தது. போதிய பாதுகாப்பின்றிப் பொதுப்பணிக்கு எவரும் முன்வருவர் என எதிர்பார்க்கலாகாது எனவும் சுட்டியது. நன்றே. ஆயினும் முன்னாள் அமைச்சருக்கே இதற்கு ஈராண்டுக்கு மேலாயிற்று. அத்தகைய வலிமையற்ற சிற்றூர்த் தலைவர் வழக்காடார்; வாளா விலகுவார். அவ்விழப்பு எத்தீர்ப்பிலும் பதிவாவதில்லை.