சிறார் வீரம்: கண்டியின் அளவுகோலும் தில்லியின் அளவுகோலும்

சிறுவரின் வீரத்துக்கு மதிப்பளிக்கும் எந்த அமைப்பும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். அந்தச் செயல் யாரைக் காத்தது? அதற்குச் சான்று என்ன? பாராட்டு முடிந்த பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? கண்டிச் சிறுவன் மத்தும பண்டாரவின் நினைவையும் இந்தியாவின் தேசிய வீர விருதையும் இந்த மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம்.

1814இல் சப்ரகமுவவில் கிளர்ச்சி செய்து தோற்ற கண்டி அமைச்சர் எஹலேபொல, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் இருந்த அவருடைய குடும்பத்துக்கு மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மரண தண்டனை விதித்தான். மூத்த மகன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, ஒன்பது வயதுத் தம்பி மத்தும பண்டார முன்வந்து, சாவது எப்படி என்று தான் காட்டுவதாக அண்ணனிடம் சொன்னான் என்பது வழிவழி வரும் செய்தி. தாய் போகம்பறை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டாள். சிங்களப் பொது நினைவில் சிறார் வீரத்தின் இலக்கணமே இவன்தான். கண்டியில் இவனுக்குச் சிலையும் உண்டு.

இதன் உணர்ச்சி வலிமையை மறுக்க முடியாது. சான்று வலிமை அதற்கு ஈடானதல்ல. இக்காட்சியை ஆங்கில வாசகரிடம் கொண்டு சென்ற ஜோன் டேவியின் நூல் 1821இல் வந்தது. அவர் இலங்கையில் காலடி வைத்ததே 1816இல்தான். ஆக, அவர் எழுதியது கேட்டறிந்தது. இதற்கிடையில், 1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தம் மன்னனின் கொடுமைகளையே காரணம் காட்டி அவனை அரியணையிலிருந்து நீக்கியிருந்தது. கொடுமைக் கதைகள் பரவுவதில் வென்றவர்களுக்கு ஆதாயம் இருந்தது. அந்தக் கொடுங்கோலன் பிம்பத்தைக் கணநாத் ஒபேசேகர 2017இல் வெளியிட்ட நூலில் மறுவிசாரணைக்கு உட்படுத்தினார். தண்டனை நிகழ்ந்ததில் ஐயமில்லை. ஆனால் சிறுவனின் வாயில் வைக்கப்பட்ட சொற்களை அதே உறுதியோடு ஏற்பதற்கில்லை.

அச்சொற்களை அப்படியே ஏற்றாலும் முதல் கேள்வி எஞ்சுகிறது. அவனுடைய துணிவு எவரையும் காக்கவில்லை. காப்பதற்கு வழியே இல்லாத நிலையில் பெரியவர்கள் அவனை நிறுத்தியிருந்தார்கள். தந்தை தப்பினார், மன்னன் பழிதீர்த்தான், அண்டை வல்லரசு காத்திருந்தது. பிள்ளையின் தீரத்தை ஏற்றிப் போற்றும்போது இந்த மூன்று தரப்பின் பொறுப்பும் பின்னுக்குப் போய்விடுகிறது.

தில்லியின் தொடக்கம் வேறு தளத்தில் அமைந்தது. 1957 ஒக்ரோபர் 2ஆம் திகதி, பிரதமர் நேரு அமர்ந்திருந்த ராம்லீலா மைதான நிகழ்ச்சியில் பந்தல் தீப்பற்றியது. ஹரீஷ் சந்திர மெஹ்ரா என்ற 14 வயதுச் சாரணன் கம்பத்தில் ஏறிக் கத்தியால் எரியும் துணியை அறுத்தெறிந்தான். அதிலிருந்தே இந்தியக் குழந்தைகள் நலச் சங்கத்தின் விருது பிறந்தது. பதக்கத்தோடு நில்லாமல் படிப்புக்கும் உதவியது இவ்விருதின் தலையாய சிறப்பு. காத்த செயல், கண்ட சாட்சிகள், தொடரும் ஆதரவு என மூன்று கேள்விகளுக்கும் இங்கே விடை உண்டு.

குறைகளும் சிறியவை அல்ல. ஆற்றில் மூழ்கியவரை மீட்ட சிறுமி மேடையேறுகிறாள். அங்கே பாலம் ஏன் இல்லை என்ற கேள்வி மேடையேறுவதில்லை. நிறுவனமும் தள்ளாடியது. சங்கத்தின் நிதி நேர்மை பற்றித் தில்லி உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழ, 2019 குடியரசு தின விருதுகளின்போது அரசு அதனிடமிருந்து விலகியது. அரசின் பிரதமர் தேசிய சிறார் விருதில் கலை, விளையாட்டு, அறிவியல் ஆகியவற்றோடு வீரமும் ஒரு பிரிவாகச் சுருங்கியது. நிதி ஒழுங்கைக் கோரியது சரி. வீரத்துக்கென்றே இருந்த தனி அளவுகோல் மங்கியது இழப்பு.

அதைவிடக் கனமான பிழை ஒன்று உண்டு. குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டதை நினைவுகூரும் டிசம்பர் 26ஆம் திகதி, 2022 முதல் வீரச் சிறார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2024இல் தேசிய சிறார் விருதுகளும் அதே நாளில் வழங்கப்பட்டன. பலியான பிள்ளைகளுக்குச் செலுத்தும் அஞ்சலி ஒரு வகை. உயிரோடு இருக்கும் பிள்ளைக்குத் தரும் பாராட்டு வேறு வகை. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால், சாவே வீரத்தின் உச்சம் என்ற பாடம் சொல்லாமலே கற்பிக்கப்படும். தில்லி இவ்விடத்தில் கண்டியின் அளவுகோலுக்கே திரும்பியிருக்கிறது.

இதே கேள்விகள் இன்றைய இலங்கைக்கும் பொருந்தும். மகாவலியும் மண்சரிவும் ஆண்டுதோறும் அச்சுறுத்தும் கண்டி மலைகளில் பிள்ளைகளின் துணிவு வெறும் கற்பனைப் பொருள் அல்ல. மண்சரிவின்போது அயலவரை எழுப்பி வெளியேற்றும் தோட்ட லயத்துச் சிறுமிக்கு, அவளுடைய மொழியிலேயே விண்ணப்பிக்கும் வழி இருந்தால்தான் ஒரு விருது தேசிய விருது என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

தீர்ப்பு இதுதான்: மத்தும பண்டார நினைவுக்கு உரியவன், அளவுகோலுக்கு உரியவன் அல்லன். அவனைப் போற்றுவது, பிள்ளைகளைப் பணயமாக்கிய ஆட்சிமுறையைக் கண்டிப்பதாகவே இருக்க வேண்டும். விருதுக்கு முன்மாதிரி 1957இன் சாரணன்தான். அதிலும் ஒரு திருத்தம் தேவை: பிள்ளைக்குப் பதக்கம் அளிக்கும் ஒவ்வொரு முறையும், அப்பிள்ளை அந்த ஆபத்தில் இறங்க நேர்ந்தது யாருடைய தவறு என்ற விசாரணை அறிக்கையும் உடன் வெளிவர வேண்டும். அது இல்லாத விருது அரைகுறை விருதே.