சாவியா, நம்பரா?

பணப்பெட்டி வாங்கப் போனால் ‘சாவியா, எலெக்ட்ரானிக்கா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். கேள்வியே கொஞ்சம் தப்பு.

2023 பிப்ரவரி 12 அதிகாலை, திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கத்தில் நான்கு ஏ.டி.எம்.களில் சுமார் 72 லட்ச ரூபாய் போனது. வந்தவர்கள் பூட்டோடு மல்லுக்கட்டவில்லை. காஸ் வெல்டிங்கால் இரும்பையே வெட்டிவிட்டார்கள். எனவே முதலில் தகட்டின் கனத்தைப் பாருங்கள். பெட்டியைத் தரையோடு போல்ட் போட முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் திருடன் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் சாவகாசமாகத் திறப்பான்.

அப்புறம் பூட்டு. சாவிப் பூட்டுக்கு பாட்டரி வேண்டாம், வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் சாவியைப் புடவைக்கு அடியில் வைப்பீர்கள். அது திருடனுக்கும் தெரியும். எலெக்ட்ரானிக்கில், ஆள் வேலையை விட்டுப் போனால் ஒரு நிமிஷத்தில் நம்பரை மாற்றலாம். பல கை புழங்கும் கடைக்கு அதுதான் சரி. மலிவு மாடல்களில் பட்டன்களுக்குப் பக்கத்திலேயே அவசரச் சாவிக்கு ஓட்டை இருக்கும். அது பல்லிளித்தால் நம்பர் இருந்தும் பயனில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமாஸில் அணுகுண்டு ரகசியப் பெட்டிகளைத் திறந்து காட்டிய விஞ்ஞானி ஃபெய்ன்மன் கண்டுபிடித்தது, பலர் கம்பெனி வைத்த நம்பரை மாற்றவே இல்லை என்பதை. நீங்கள் மாற்றிவிடுங்கள். கல்யாண நாள் மட்டும் வேண்டாம்.