ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்

ஊட்டியின் நெடுநெடுவென்ற தைலமரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சிட்னியின் ஸ்கிரிப்ளி கம் முதலில் சப்பென்றுதான் இருக்கும். அதுவும் யூகலிப்டஸ்தான், ஆனால் மணற்பாறை மேடுகளில், சத்தில்லாத மண்ணில் கோணல்மாணலாக வளர்வது. அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. ராயல் தேசியப் பூங்காவில் ஒரு மரம் கிடைத்தால் நேராக அடிமரத்துக்குப் போங்கள்.

வெள்ளையும் சாம்பலுமான வழவழப்பான பட்டையில், யாரோ பேனா எழுதுகிறதா என்று ஓட்டிப் பார்த்ததுபோல் பழுப்புக் கோடுகள். பலரும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு கோட்டை விரலால் தொடருங்கள். மெல்லியதாகத் தொடங்கி, இஷ்டத்துக்குச் சுற்றி, பிறகு ஓரளவு ஒழுங்கான வளைவுகளாக மாறும். ஓரிடத்தில் சட்டென்று மடங்கி, வந்த தடத்தை ஒட்டியே திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ருசியே இருக்கிறது.

இது ஆக்மோகிராப்டிஸ் என்னும் பொடி அந்துப்பூச்சியினுடைய புழுவின் வேலை. பட்டைக்குள் சுரங்கம் குடைந்து போகிறது. திரும்பும்போது இரட்டைத் தடமாகிறது. காயம்பட்ட அந்த இடத்தை மரம் மென்மையான திசுவால் நிரப்புகிறது. சத்துள்ள தீனி! அதுவரை காலில்லாமல் இருந்த புழு தோலுரித்துக் கால் முளைத்து, அந்தத் திசுவைத் தின்றபடியே தடத்தில் திரும்பி வந்து, வெளியேறிக் கூடு கட்டுகிறது. அதன்பின் மேற்பட்டை உதிரும்போதுதான் கோடுகள் நம் கண்ணில் படுகின்றன. ஆக, நாம் பார்க்கும்போது எழுதியவர் வீட்டைக் காலி செய்திருப்பார். இந்தப் பூச்சிக்கு 1935-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். வாழ்க்கைக் கதை விளங்கி ஆய்வுக் கட்டுரையாக வந்தது 2012-ல்தான். அதை எழுதியவர்களில் ஒருவரான மேக்ஸ் டே அப்போது தொண்ணூறு தாண்டியவர்.

கிறுக்கலை மட்டும் வைத்து இனத்தை முடிவுகட்டிவிடாதீர்கள். கான்பெராவின் பிளாக் மவுண்டனில் நிற்கும் யூகலிப்டஸ் ரோஸியையும் இந்தப் பூச்சிகள் விட்டுவைப்பதில்லை. சிட்னி மரமான யூகலிப்டஸ் ஹீமாஸ்டோமாவுக்கு இலை அகலம், தடிப்பு. இரு பக்கமும் ஒரே நிறம். காய் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கீழே உதிர்ந்து கிடப்பதில் ஒன்றைப் பொறுக்கி வாய்ப்பக்கம் பாருங்கள். அகலமான செந்நிற வளையம் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.